தங்கள் முறை, தபாலதிபரே!

கிளுவந்தோட்டம் தபாற் கந்தோரில் நெடுங்காலம் தபாலதிபராய் வீற்றிருந்து இன்று இளைப்பாறும் உயர்திரு கந்தப்பர் பஞ்சலிங்கம் அவர்களுக்கு, அக்கந்தோர் ஊழியர் வாசிகசாலை மண்டபத்தில் அன்புடன் வாசித்தளித்த பாராட்டு மடல். 1945, மார்கழி.

முத்திரையிலே தம் முகம் பதியாவிடினும் எங்கள் முதுகிலெல்லாம் முத்திரை பதித்த முதல்வரே! புத்தூர் வீதியிலே போவோரும் வருவோரும் பொழுதறியும்படி பூட்டுத் திறந்த புண்ணியரே! கட்டுக் கட்டாய் வந்த கடிதங்களைக் கட்டுக் குலையாமல் காத்த காவலரே! கறுப்பும் வெள்ளையுமான கட்டங்களுக்குள்ளே உலகப் பெரும் போரை உட்கார்த்தி வைத்து, ஊரை ஒரு கீறலுமின்றிக் காத்த உத்தமரே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பை ஊழியர்கள், தாங்கள் குடியிருக்கும் வளவுக்கு அடுத்த வளவுக்காரனாகிய நடராசாவிடம் ஒப்படைத்தமைக்கு ஒரே காரணம் உண்டு. கந்தோருக்குள் நடந்தவை அவர்களுக்குத் தெரியும். வீட்டுக்குள் நடந்தவை வேலிக்கு இப்பால் இருப்பவனுக்குத் தெரியும். வேலியிலே கண் நுழையும் பொட்டு விழுந்தது என் குற்றமன்று. சென்ற மாரியிலே கதியால் கம்புகள் சாய்ந்தபோது தாங்கள் நிமிர்த்தவில்லை. ஆகவே இம்மடலில் ‘நாங்கள்’ என்று வருமிடமெல்லாம் உழைத்தவரையும் ஒட்டுக்கேட்டவனையும் சேர்த்தே கொள்க.

தங்கள் கடமையுணர்ச்சியை எடுத்துரைக்கப் புகுந்தால் மாலையிலுள்ள பூ வாடிவிடும், சுருங்கச் சொல்வோம். தபாற்பை ஏறாமல் பஸ் புறப்பட்டதாக ஒரு நாளுமில்லை. பஸ்காரன் புறப்பட எத்தனித்தால் தாங்கள் குடையுடன் நடுவீதியில் நிற்பீர்கள். எவருடைய கடிதத்தையும் தாங்கள் பிரித்ததில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டீர்கள். சாவுச் செய்தி தந்தியில் வந்தால் தபாற்காரரிடம் கொடுத்தனுப்பாமல், சால்வையைத் தோளில் இட்டுத் தாங்களே நடந்து போய், முதலில் தண்ணீர் வாங்கிக் குடித்து, வீட்டாரை இருக்கச் செய்து, அதன் பின்பே வாய் திறந்தீர்கள். இதனை நாங்கள் பகிடியாகச் சொல்லவில்லை.

இனிச் சதுரங்கத்துக்கு வருவோம். வராமல் இருக்க முடியாது. அது இங்கே மேடையில், தங்களுக்கு முன்னால், பார்சல் கூடையால் மூடப்பட்டு இருக்கிறது.

தேயிலைப் பெட்டிப் பலகையிலே கட்டங் கீறி, பூவரசங் கட்டையிலே காய் கடைவித்து, காணாமற்போன கறுப்பு யானைக்குப் பதிலாகப் பைகளுக்கு முத்திரையிடும் அரக்கிலே ஒரு கட்டி உருட்டி வைத்துத் தாங்கள் ஆடி வந்த ஆட்டத்தில், ஊரிலே தங்களை வென்றவர் எவருமில்லை. பொன்னம்பலத்தார் ஒருமுறை வெல்லப் பார்த்தார். அன்று கந்தோர் நேரத்துக்கு முன்பே பூட்டப்பட்டது. அந்நிலையிலேதான், போர் தொடங்கிய அடுத்த ஆண்டு, தந்தி தட்டும் எழுதுவினைஞராக வந்து சேர்ந்தார் குருநகரைச் சேர்ந்த சிமியோன். மணமாகிச் சில மாதங்களே ஆனவர். கந்தோரின் பின்னறையிலே பாய் போட்டுப் படுத்து, சனிக்கிழமை பின்னேரம் சைக்கிளேறி வீடு போய், திங்கட்கிழமை விடியத் திரும்பி வருபவர். தன் வீட்டுக்குக் கிட்டவுள்ள யாழ்ப்பாணப் பட்டினத்துக் கந்தோருக்கு மாற்றம் கேட்டு, தங்கள் சிபாரிசுக் கையெழுத்துக்காக அவர் தங்கள் முன் நின்றபோது, தாங்கள் பலகையைக் காட்டி உரைத்த வாசகம் எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

“என்னை ஒருக்கால் வெண்டுபோட்டுக் கேளும். அண்டைக்கே கையெழுத்துப் போட்டுத் தாறன்.”

“எனக்கு உந்த விளையாட்டுத் தெரியாதே, ஐயா.”

“அப்ப இரும். பழக்கிறன்.”

பழக்கினீர்கள். ஓராண்டுக்கு மேலாகத் தோற்கடித்துத் தோற்கடித்துப் பழக்கினீர்கள். தங்கள் தந்திரங்கள் அத்தனையும் சிமியோனின் தலைக்குள் இறங்கியதைத் தாங்கள் கவனிக்கவில்லை. அதன் பலன் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு சித்திரையிலே, கொழும்பிலே குண்டு விழுந்த ஞாயிறுக்குப் பின் வந்த வியாழக்கிழமை தெரிய வந்தது. சிமியோன் குதிரையைத் தூக்கி ஒரு கட்டத்தில் வைத்தார். தாங்கள் பலகையைப் பார்த்தீர்கள். சுற்றி நின்ற நாங்களும் பார்த்தோம். எந்தக் காயைத் தொட்டாலும் அடுத்த நகர்விலே தங்கள் அரசன் அகப்படுவான்.

“ஐயா, உங்கடை முறை,” என்றார் சிமியோன், மெத்தப் பணிவாக.

அந்நேரம் பார்த்துத் தந்தி இயந்திரம் தட்டத் தொடங்கிற்று. திருகோணமலையிலும் குண்டு விழுந்துவிட்டதென்றும், ஊர்தோறும் விமானத் தாக்குதல் காப்புக்கான ஏ.ஆர்.பி. வார்டன்மார் விழிப்பாயிருக்க வேண்டுமென்றும் செய்தி. எங்கள் ஊர் வார்டன் தாங்களே. அரசாங்கம் தந்த இரும்புத் தொப்பியைத் தாங்கள் அவ்வளவு மகிழ்ச்சியாக எடுத்துத் தலையில் வைத்ததை நாங்கள் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. பார்சல் கூடையைப் பலகைமேல் கவிழ்த்துவிட்டு எழுந்து நின்று, போர்க்கலை வரலாற்றிலே எந்தத் தளபதிக்கும் தோன்றாத அந்தப் பேருண்மையை வெளியிட்டீர்கள்:

“ஒருத்தரும் ஒண்டையும் தொடக்கூடாது. சப்பான்காரன் தன்ரை காயை நகர்த்திப்போட்டான். இப்ப எங்கடை முறை. நாங்கள் நகர்த்தாட்டில் அவன் திரும்ப நகர்த்தேலாது!”

தபாற்காரர் இராசநாயகம் சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: “முறை பாராமல் அவன் பிறகும் குண்டைப் போட்டால், ஐயா?”

“போட்டால் அது அளாப்பு. அளாப்பின ஆட்டம் செல்லாது.”

விளையாட்டிலே கள்ளம் செய்பவனைக் குழந்தைகள் கூப்பிடும் அந்தச் சொல்லைக் கொண்டு ஒரு சாம்ராச்சியத்தின் விமானப் படையையே தாங்கள் தடுத்து நிறுத்தினீர்கள். அன்று முதல் இன்றுவரை கிளுவந்தோட்டத்தில் ஒரு குண்டேனும் விழவில்லை. பண்டத்தரிப்பிலும் விழவில்லை, உடுப்பிட்டியிலும் விழவில்லை என்று சிலர் வாதிக்கிறார்கள். அவ்வூர்கள் தங்கள் புண்ணியத்திலேதான் தப்பின என்பதை அவர்கள் அறியார்.

அதன் பின் இந்த வாசிகசாலையிலே ஞாயிறுதோறும் தாங்கள் நடத்திய போர்ப் பயிற்சி வகுப்புகளை மறக்க முடியுமா! கவச வண்டி யானையின் இனம் என்றும், யானை நேராக மட்டுமே போகும் என்றும், எங்கள் ஒழுங்கைகள் எல்லாம் கோணலாயிருப்பதால் ஒரு கவச வண்டியும் உள்ளே வராதென்றும் விளக்கினீர்கள். மறுகிழமையே பலாலிப் பக்கம் போக வேண்டிய பட்டாளத்து லொறி ஒன்று வழி தவறி, எங்கள் கோணல் ஒழுங்கைக்குள் புகுந்து, மீனாம்பிகை அக்காவின் வேலியைச் சரித்துக்கொண்டு கோயில் முடக்கிலே அழகாகத் திரும்பிப் போயிற்று. அக்கா தலைவிரி கோலமாய்த் தங்களிடம் ஓடி வந்தார்.

“யானை திரும்பாதெண்டியள். உங்கை வந்து என்ரை வேலியைப் பாருங்கோ!”

தாங்கள் வந்து பார்த்தீர்கள். சில்லுத் தடத்தைக் குனிந்து ஆராய்ந்தீர்கள். “இரண்டு கட்டம் நேரை வந்து ஒரு கட்டம் பக்கத்தாலை போயிருக்கு. பிள்ளை, இது குதிரை,” என்று தீர்ப்புச் சொன்னீர்கள். வேலியை அக்காவே கட்டினார்.

குண்டு விழுந்தால் என்ன செய்வதென்று ஒத்திகை நடந்தபோது நாங்களெல்லாரும் பதுங்குகுழிக்கு ஓடினோம். அரசன் ஒரு நேரத்தில் ஒரு கட்டத்துக்கு மேல் போவது விதியில்லையென்று தாங்கள் மேசையிலிருந்து ஓரடி மட்டும் எடுத்து வைத்து அங்கேயே நின்றீர்கள். காலாள் கடைசிக் கட்டத்தை அடைந்தால் மந்திரி ஆவான் என்ற தங்கள் வாக்கை நம்பி, இராசநாயகம், ஒத்திகை விசில் ஊதப்பட்ட வேளையிலும் நிற்காமல், தன் விநியோக எல்லையின் கடைசி வீடுவரை சைக்கிள் மிதித்து ஒரு தபாலட்டையைக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் இன்றும் தபாற்காரர்தான். இதோ, இரண்டாம் வரிசையில் இருக்கிறார்.

ஆனால் ஒரு பாடம் மட்டும் எங்களைச் சிரிக்க விடவில்லை. மலாயா சப்பான்காரன் கையில் போனதும் அங்கிருந்து வந்த கடிதங்கள் அடியோடு நின்றன. கோலாலம்பூரில் ரெயில்வேயில் வேலைபார்த்த கணவனிடமிருந்து கடிதம் உண்டோ என்று பத்மாவதி கிழமைதோறும் வந்து கேட்பார். ஒருநாள் அவர் தாலியைப் பிடித்துக்கொண்டு, “ஆள் இருக்கோ இல்லையோ எண்டாவது சொல்லுங்கோ ஐயா,” என்று அழுதபோது, தாங்கள் மேசை லாச்சியைத் திறந்து, வெட்டுண்ட காய்கள் போட்டு வைக்கும் சிகரெட் பெட்டியை எடுத்துக் காட்டினீர்கள். “பலகையிலை இல்லாட்டில் செத்ததெண்டு அர்த்தமில்லைப் பிள்ளை. பெட்டிக்குள்ளை கிடக்கு. ஆட்டம் முடிய எல்லாம் வெளியிலை வரும்,” என்றீர்கள். போர் அப்படியன்று என்பது தங்களுக்கும் தெரியும், பத்மாவதிக்கும் தெரிந்திருக்கும். ஆயினும் அன்று முதல் அவர் கந்தோருக்கு வந்தால், “பெட்டி திறபட்டதோ, ஐயா?” என்றே கேட்பார். சென்ற ஐப்பசியிலே அந்தக் கடிதம் வந்தது. தாங்கள் இராசநாயகத்தை அனுப்பவில்லை. செருப்பும் போடாமல் தாங்களே ஓடினீர்கள். அரசன் அன்று எத்தனை கட்டம் போனான் என்று நாங்கள் எண்ணவில்லை.

இப்போது பெட்டி திறந்த கதையைச் சொல்லிவிட்டோம். கூடை திறவாத கதையையும் சொல்ல வேண்டும்.

கூடை பலகைமேல் இருந்தபடியால் பார்சல்கள் நிலத்துக்கு வந்தன. நிலத்துக்கு வந்தபடியால், பொன்னம்பலத்தார் கொழும்பு மகனுக்கு அனுப்பிய, பனம்பழக் களியைக் காயவைத்த பனாட்டுப் பார்சலை ஓர் ஆடு தின்றது. அவர் கொடுத்த முறைப்பாட்டுக்கும் தாங்கள், “போர்க்கால நட்டம்” என்றே பதில் எழுதினீர்கள். அதையெல்லாம் பொறுத்தோம். ஆனால் சிமியோனின் மனைவி மக்டலீன், இடுப்பிலே குழந்தையுடன் கந்தோர்ப் படியேறிய நாளிலே எங்களில் ஒருவருக்கும் நிமிர்ந்து பார்க்க முகமிருக்கவில்லை.

“ஐயா, இவள் யோசப்பின். இவளைத் தேப்பனின்ரை பேரென்னெண்டு கேளுங்கோ.”

தாங்கள் கேட்டீர்கள். குழந்தை விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, “சனிக்கிழமை,” என்றது.

மக்டலீன் கூடையைக் காட்டினார். “சப்பான்காரன் முறை மாறி விளையாடினால் அளாப்பெண்டு சொன்னியளாம். முறை வந்தும் விளையாடாமல் இருக்கிறது என்ன, ஐயா?”

“அது... போர் நிலைமை, பிள்ளை.”

“அதுவும் அளாப்புத்தான்,” என்று சொல்லிவிட்டு, முத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிமியோன் தந்திக் கருவியை விட்டுத் தலை தூக்கவே இல்லை.

அன்று பின்னேரம் தங்கள் வீட்டு முற்றத்திலே நடந்த உரையாடலை, என் பக்கத்து முருங்கையில் ஏறிக் காய் பறித்துக்கொண்டு நின்ற காரணத்தால் கேட்க நேர்ந்தது. முருங்கையிலே காய் இருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

“ஒரு காயைத் தள்ளிப்போட்டு அந்தப் பெடியனை வீட்டை விடுங்கோவன்,” என்றார் தங்கள் பாரியார் குணலட்சுமி அம்மையார்.

“தள்ளினால் தோத்துப்போவன்.”

“தோத்தால் என்ன, கழுத்தையோ வெட்டப்போறாங்கள்?”

தாங்கள் முற்றத்தின் மறுகோடிவரை நடந்தீர்கள். போய்விட்டீர்கள் என்றெண்ணி நான் இறங்கப் பார்த்தேன். பிறகு, மேலதிகாரி குரலில்லாமல், எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலிலே சொன்னீர்கள்: “அவன் போனால் பிறகு நான் ஆரோடை விளையாடுறது?”

அம்மையார் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

ஆகவே, அன்பிற்குரியவரே, தோல்விக்கு அஞ்சியே தாங்கள் காயைத் தொடவில்லை என்று ஊரார் கதைத்தபோதெல்லாம் நான் வாய் மூடி இருந்தேன். என் வாய்க்கு அது எவ்வளவு கடினமான வேலையென்பது ஊருக்குத் தெரியும்.

போர் முடிந்தது. கோயில் மணியும் கோவிற்பற்றுத் தேவாலய மணியும் ஒன்றாய் அடித்தன. சிமியோன் கூடையைத் தூக்கி, காய் அசையாதபடி ஊதி ஊதித் தூசி தட்டி, “ஐயா, சண்டை முடிஞ்சுது. உங்கடை முறை,” என்றார். உடன்படிக்கை கையெழுத்தாகட்டும் என்றீர்கள். கையெழுத்தாயிற்று. பட்டாளம் வீடு திரும்பட்டும் என்றீர்கள். திரும்பிக்கொண்டிருக்கிறது. அரிசிக் கூப்பன் ஒழியட்டும் என்றீர்கள். அது ஒழியும் அறிகுறி இல்லை. தாங்கள் தேர்ந்தெடுத்த கடைசி அரண் அதுவே என்பதை ஒத்துக்கொள்கிறோம்.

ஆயினும் இன்று ஒரு காரியம் இருக்கிறது. பட்டினத்துக் கந்தோரிலே ஓர் இடம் காலியாகி, அதற்கான விண்ணப்பங்கள் இன்றைய தபாற்பையோடு போய்ச் சேர வேண்டுமென்று அறிவித்தல் வந்திருக்கிறது. பஸ் ஐந்து மணிக்கு. தங்கள் கையெழுத்துக்கு இன்று பின்னேரம் வரைதான் பெறுமதி உண்டு. நாளை அது கந்தப்பர் மகனின் கையெழுத்து மட்டுமே. நாளை வரும் புதிய தபாலதிபரைப்பற்றி விசாரித்தோம். நல்லவராம். ஆனால் ஓராண்டாவது கூட வேலைசெய்து பாராமல் ஒருவருக்கும் சிபாரிசு எழுதாதவராம். சதுரங்கம் தெரியாதாம்.

பலகையில் இல்லாதவர்கள் செத்தவர்கள் அல்லர் என்று கற்பித்தவரே! வெட்டுண்ட காய் பெட்டிக்குள் போய், மறுநாள் மறுபடியும் தன் கட்டத்திலே வந்து நிற்கும் என்பதை எங்களுக்குக் காட்டியவரே! அந்த விதி தங்கள் அரசனுக்கும் செல்லும். குருநகர் மலாயாவன்று; சைக்கிள் போகும் தூரம். இதைச் சொல்லும்படி சிமியோன் எங்களைக் கேட்கவில்லை. ஆனால் மாற்றம் கிடைத்தால் சனிக்கிழமை பின்னேரங்களில் என்ன செய்வீர் என்று நான் அவரை விசாரித்தேன். விசாரிக்காமல் இருக்க என்னால் முடியாதென்று தாங்கள் அறிவீர்கள். “கிளுவந்தோட்டத்துக்கு வருவன். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. ஐயா திரும்பவும் வெல்லப் பாப்பார், விடேலாது,” என்றார். அப்படியானால் ‘சனிக்கிழமை’ என்ற அந்தப் பெயரை யோசப்பின் தன் தகப்பனிடமிருந்து எடுத்துத் தங்களுக்குத் தரலாம். பெயரிலே சனி இருக்கிறதென்று தாங்கள் மறுக்க மாட்டீர்கள் என நம்புகிறோம்.

தங்கள் தேகம் பூவரசங் கட்டைபோல் திடமாயிருக்க! தங்கள் கண்ணொளி, கடித உறைக்கு ஊடாக இனிப் பார்க்க வேண்டிய தேவையின்றியே நெடுங்காலம் துலங்குக! தாங்களும் அம்மையாரும் பேரப்பிள்ளைகளோடும் பென்சனோடும் பல்லாண்டு பெருவாழ்வு வாழ்க! வேலிப் பொட்டு அடைபடாதிருக்க!

இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டுத் தங்கள் கையிலே தருமுன் ஒரு சிறு காரியம். தந்திச் சேவகர் தியாகராசா இப்போது கூடையைத் தூக்குவார். காய்கள் எல்லாம் அந்த வியாழக்கிழமை நின்ற இடத்திலேயே நிற்கின்றன; ஒருவரும் ஒன்றையும் தொடவில்லை. விண்ணப்பம் பலகைக்கு வலப்பக்கத்திலே, பேனையோடு இருக்கிறது. மக்டலீனும் பிள்ளையும் முன்வரிசையில் இருக்கிறார்கள். பஸ்காரனிடம் சொல்லிவிட்டோம், இன்றைக்கு மட்டும் குடையுடன் நடுவீதியில் நாங்கள் நிற்போம்.

ஐயா, உங்கடை முறை.

இங்ஙனம்,
தங்கள் மாறா அன்புள்ள
கிளுவந்தோட்டம் தபாற் கந்தோர் ஊழியர்

இராசநாயகம், தபாற்காரர் (மந்திரியாகும்வரை)
தியாகராசா, தந்திச் சேவகர்
நடராசா, அடுத்த வளவு

(இதன் கீழுள்ள இடம் எழுதுவினைஞர் சிமியோனுக்காக விடப்பட்டுள்ளது. தபாலதிபர் நகர்த்திய பிறகே தன் முறை வருமென்றும், முறை மாறிக் கையெழுத்து வைப்பது அளாப்பு என்றும் அவர் சொல்லிவிட்டார்.)